காமநாயக்கன்பட்டிக்குப் போகும் வழி

யாத்திரை ஸ்தலம் என்றால் அதற்கு ஓர் அற்புதம் வேண்டும். வேளாங்கண்ணிக்கு மோர் விற்ற பையனும், புயலில் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பலும் இருக்கின்றன. ஓரியூருக்கு 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி வெட்டுண்ட அருளானந்தரின் ரத்தமும், அந்த ரத்தத்தால் சிவந்தது என்று ஜனங்கள் நம்பும் மணலும் இருக்கின்றன. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசலுக்குள் இருக்கும் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா கோயிலுக்கு அந்த அளவுக்கு ஊர் பரவிய கதை கிடையாது. ஆனால் முன்னூறு வருஷங்களுக்கு மேலாக ஜனங்கள் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். கதை இல்லாத இடத்தில் சரித்திரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க முடிகிறது. அற்புதம் மறைத்துவிடுகிற சாதாரண விஷயங்கள் இங்கே வெளியில் தெரிகின்றன. நிலம் யாருடையது, அதை யார் கொடுத்தார்கள், அந்த வழியில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்பவைதாம் அந்த விஷயங்கள்.

தென்பாண்டிச் சீமைக்குக் கிறிஸ்தவம் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று கடல். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்து சேர்ந்தார். அந்தக் கிறிஸ்தவத்துக்குப் பின்னால் கப்பலும் பீரங்கியும் இருந்தன. மற்றது மதுரைப் பக்கமிருந்து தரைவழியாக வந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பறங்கி என்ற பெயரைத் துறந்து காவி உடுத்தித் தொடங்கிய மதுரை மிஷன் அது. அதற்குப் பின்னால் பீரங்கி இல்லை. நாயக்க மன்னரோ பாளையக்காரரோ விரட்டினால் போகவேண்டியதுதான். காமநாயக்கன்பட்டி இந்த இரண்டாவது வழியில் உண்டான ஊர். தூத்துக்குடியில் 1713-ல் பனிமய மாதா கோயில் எழும்பியபோது, கடற்கரையிலிருந்து இரண்டு நாள் நடைத்தூரத்தில் இருந்த இந்த வறண்ட பூமியில் முற்றிலும் வேறு நிபந்தனைகளின் பேரில் இன்னொரு கிறிஸ்தவம் நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'மிஷனரிகள் வந்தார்கள்' என்று எழுதுவது பாடப்புத்தக சௌகரியம், அவ்வளவே.

அந்த நிபந்தனைகள் என்ன என்பதைச் சுவாமிகளின் உடுப்பே சொல்லும். நோபிலியின் வழியில் பிராமண சந்நியாசியாக இருந்தவர் தாழ்த்தப்பட்ட ஜாதியாரோடு புழங்க முடியாது. அதனால் 1640 வாக்கில் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசுவாமி என்ற வேறொரு வகையைத் தொடங்கினார். பண்டாரம் மேல்ஜாதி, கீழ்ஜாதி இருவருக்கும் பொதுவானவர் என்ற தமிழ்ச் சமூகத்தின் ஏற்பாட்டை மிஷன் எடுத்துக்கொண்டது. அருளானந்தர் பண்டாரசுவாமி. அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோரும் அப்படியே. அதாவது தமிழ்நாட்டின் உள்ளூர்களில் நடப்பதற்கு ஒருவருக்கு என்ன வேஷம் வேண்டும் என்பதை இவர்கள் வெகு நுட்பமாகக் கற்றிருந்தார்கள். எந்தத் தெருவில் எந்த உடுப்போடு போகலாம் என்பது அவர்களுக்கு வேதாந்தப் பிரச்னை அல்ல, அன்றாடப் பிரச்னை.

ஊர்ப் பெயரிலேயே ஒரு நாயக்கர் இருக்கிறார். சுற்றியிருந்த பூமி எட்டயபுரம் பாளையம். அந்த அரண்மனையின் ஆதரவு இந்தக் கோயிலுக்கு இருந்தது என்று பங்கின் பரம்பரைச் செய்தி சொல்லிவருகிறது. அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அந்த அரண்மனையின் நிழலில் வாழ்ந்தவர். அவருடைய அடக்கஸ்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. 1835-ல் முத்துஸ்வாமி தீட்சிதர் அங்கேதான் உயிர்விட்டார். 1882-ல் பாரதி அங்கே பிறந்தார். பல சமயத்தாரும் அந்த நிழலில் தங்க முடிந்திருக்கிறது. இதை இன்றைய மேடைமொழியில் 'மத நல்லிணக்கம்' என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அது சரியல்ல என்றே தோன்றுகிறது. பாளையக்காரர் கொடுத்தது அருள், உரிமை அல்ல. அரண்மனை வாசலுக்குக் காணிக்கையோடு போய் நின்று பெற வேண்டியது அது. தந்தவர் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய மகன் மறுக்கலாம். பக்கத்துப் பாளையம் துரத்தலாம். ஆனால் அருள் என்பதற்கு ஒரு நெகிழ்ச்சியும் உண்டு. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. எழுதிவைக்காத வழக்கத்தில் சந்து பொந்துகள் இருந்தன. அவற்றின் வழியாகத்தான் இந்தக் கோயில் உள்ளே வந்தது.

அந்தச் சந்தில் நுழைந்தவர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸோ பெஸ்கி. 1680-ல் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, 1710-ல் கோவாவுக்கும் அடுத்த வருஷம் தமிழ்நாட்டுக்கும் வந்தவர். அவர் முதலில் ஊழியம் செய்த இடங்களில் காமநாயக்கன்பட்டி ஒன்று. சில வருஷங்களில் திருநெல்வேலிச் சீமையிலேயே குருக்கள்பட்டியில் பிடிபட்டு, கொலைத்தண்டனையிலிருந்து தப்பினார். பிறகு வடக்கே போனார். ஏலாக்குறிச்சி, கோனான்குப்பம் என்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர்களெல்லாம் பிற்காலத்தவை. தேம்பாவணி (1726), தொன்னூல் விளக்கம் (1730), சதுரகராதி (1732) எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை வைத்தார்கள். சிலையாகிவிட்ட பெஸ்கிக்கு மண் இல்லை. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாட்டு என்று எண்ணிச் சொல்லப்படுகிற புலவர் அவர். தமிழ் அவர் காதில் முதலில் எந்த ஊரில், யார் வாயிலிருந்து விழுந்தது என்று நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் அதிகம் கேட்டதில்லை.

இந்தக் கேள்வி வீணானதல்ல. பெஸ்கி செந்தமிழுக்கு மட்டும் இலக்கணம் எழுதவில்லை. ஜனங்கள் பேசுகிற தமிழுக்கு, அவர் கொடுந்தமிழ் என்று பெயரிட்டதற்கு, 1728-ல் லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். பேச்சு என்பது செந்தமிழின் சிதைவு அல்ல, அதற்கென்று விதிகள் உண்டு என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. பண்டிதர்களிடம் மட்டும் தமிழ் கற்றவருக்கு இந்த எண்ணம் வந்திருக்காது. பாவசங்கீர்த்தனம் கேட்கிறவருக்கு வந்தே தீரும். பாவத்தை யாரும் செந்தமிழில் சொல்வதில்லை. இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1982-ல், அதே வட்டாரத்தில் இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது அதற்கு முகம் சுளித்த பண்டிதர்கள் இருந்தார்கள். கி.ரா.வை பெஸ்கியின் வாரிசு என்று சொல்ல வரவில்லை. ஒரே பூமியில் இரண்டு காலங்களில் இரண்டு பேர் ஒரே பக்கம் காது கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. ஓலையில் எகர, ஒகரக் குறில் நெடில்களுக்கு வேறுபாடு தெரியாமல் இருந்த குழப்பத்தைத் தீர்க்க, நெடிலின் கொம்பைச் சுழித்து எழுதியவர் பெஸ்கி என்பது எல்லோரும் அறிந்தது. ஆகவே பஸ் பலகையில் 'கோவில்பட்டி' என்று எழுதுகிறவர் முதல் எழுத்திலேயே அவருடைய கைவேலையைத்தான் எழுதுகிறார்.

ஊருக்குப் போகிற வழியைப் பற்றியும் சொல்லவேண்டும். கரிசல் நடப்பதற்கு உகந்த மண் அல்ல. கோடையில் பிளந்து, கால் சிக்குகிற அளவுக்கு வெடிப்பு விடும். மழை பெய்தால் காலோடு கிளம்பி வரும், வண்டிச் சக்கரம் புதைந்துவிடும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற மண்ணாதலால், பெரிய கட்டடத்தின் அஸ்திவாரத்தை அது சும்மா விடுவதும் இல்லை. இந்த மண்ணில் நடக்கத் தோதான காலம் ஒன்றுதான்: கோடை உழவு முடிந்து, புரட்டாசி மழைக்கு முன்னால், விதைப்பதற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆடி - ஆவணி. பரலோக மாதா திருநாள் ஆகஸ்ட் 15. ரோமாபுரியின் நாட்காட்டி கரிசல் சம்சாரியின் ஓய்வு நாட்களோடு தற்செயலாகப் பொருந்திவிட்டது. பருத்தியோ கம்போ உளுந்தோ வீட்டில் இல்லாத காலம். கையில் காசும் இல்லாத காலம். நேரம் மட்டும் உண்டு. நேர்ச்சைக்கு அதுவே போதும். மாதா ஆன்ம சரீரத்தோடு பரலோகம் எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்பதைப் போப்பாண்டவர் விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தது 1950-ல்தான். இந்த மானாவாரிச் சம்சாரிகள் அதற்கு எவ்வளவோ முன்னதாகவே அதை முடிவு செய்துவிட்டார்கள். 1947-க்குப் பிறகு அந்த நாளே தேசத்துக்கும் திருநாளாகிவிட்டது.

திருநாளில் பார்ப்பதற்கு இருப்பது தேர். தேருக்குப் பின்னால் கும்பிடு சேவை. அதாவது தெருப் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, விழுந்த இடத்தில் நின்று மறுபடி விழுந்து, தேர் போகிற வழி முழுவதும் போவது. உடம்பைக் கோலாக வைத்துத் தெருவை அளப்பது போல இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்கள், வேறு ஊர்களில் பிழைக்கப் போய்த் திருநாளுக்கு வந்தவர்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இதைப் பார்க்கிற அறிவாளிக்கு இரண்டு எண்ணங்கள் உடனே வரும். ஒன்று, இது மூடத்தனம். மற்றது, இது நாட்டார் கலாச்சாரத்தின் செழுமை. இரண்டும் தூரத்தில் நின்று சொல்கிறவை. தெருவில் விழுந்து கும்பிடுவதற்கு முன்னால், அந்தத் தெருவில் நிற்பதற்கு ஒருவருக்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதியின் கதையைத்தான் சரித்திரம் என்று சொல்லவேண்டும்.

அது அடுத்த நூற்றாண்டில் மாறியது. 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். காமநாயக்கன்பட்டிக்குக் கூப்பிடு தூரம்தான் கயத்தாறு. கம்பெனியின் பக்கம் நின்ற எட்டயபுரம் தப்பியது. 1803-ல் நிரந்தரத் தீர்வை வந்தது. பாளையம் ஜமீன் ஆயிற்று. பாளையக்காரர் அரசராக இருந்தவர், ஜமீன்தார் பத்திரதாரர் ஆனார். இதன் விளைவு வழிபாட்டுக்குள்ளும் வந்தது. முன்பு அரண்மனை தீர்த்துவைத்த தகராறுகள் கோர்ட்டுக்குப் போயின. கோர்ட்டு கேட்ட கேள்வி ஒன்றுதான்: மாமூல் என்ன? அதுவரை ஆளுக்கு ஆள், வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் வளைந்துகொடுத்த வழக்கம் இப்போது சாட்சியமாகி, தீர்ப்பாகி, காகிதத்தில் ஏறி, கெட்டிப்பட்டது. வழக்கம் வழக்காயிற்று. நவீன நீதிமன்றம் ஜாதியை இளக்கியது என்று பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். பல இடங்களில் அது ஜாதிக்கு எலும்பு வைத்துக் கொடுத்தது என்பதே உண்மை.

கழுகுமலை இதற்குச் சாட்சி. சமணச் சிற்பங்களும் வெட்டுவான் கோயிலும், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தால் பேர் பெற்ற முருகன் சந்நிதியும் உள்ள ஊர். கோயில் எட்டயபுரம் ஜமீனின் நிர்வாகத்தில் இருந்தது. 1876-ல் கோவில்பட்டி வழியாக ரயில் வந்த பிறகு பருத்தி வியாபாரம் பெருகியது. சாணார் என்று இழித்துச் சொல்லப்பட்டிருந்த நாடார்கள் வியாபாரத்தில் காசு சேர்த்தார்கள். காசு உள்ளவர் தேர்வீதியில் தன் ஊர்வலம் போகவேண்டும் என்று கேட்பது இயல்பு. கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். பிறகு அவர்களில் ஒரு பகுதியார் கத்தோலிக்கரானார்கள். தேர்வீதியிலேயே ஒரு ஜெபக்கூடம் எழுந்தது. 1895 பங்குனி உத்திரத்தன்று முருகன் தேர் வரும்போது, அந்தக் கூடத்தின் முன்பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்று தகராறு தொடங்கியது. ஜமீன் மேனேஜர் குத்திக் கொல்லப்பட்டார். நாடார்களின் தரப்பிலும் பலர் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. நான்கு வருஷம் கழித்து, 1899-ல், சிவகாசி சூறையாடப்பட்டது.

இரண்டு நூற்றாண்டு இடைவெளியில், ஒரே அரண்மனையின் எல்லைக்குள், அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் நடந்தவை இவை. ஒன்றில் மாதாவுக்கு இடம் கிடைத்தது. மற்றதில் மாதாவின் பந்தல் ரத்தத்தில் முடிந்தது. எட்டயபுரத்தார் முன்பு பெருந்தன்மையாக இருந்து பின்பு கொடூரமானார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. கேட்கப்பட்டது மாறிவிட்டது. காமநாயக்கன்பட்டியில் கேட்டது நிலம், அதை அருளாகக் கொடுக்கலாம். கழுகுமலையில் கேட்டது வழி, அதுவும் உரிமையாக. நிலம் கொடுத்தால் கொடுத்தவனுக்குப் பெருமை. வழி கொடுத்தால் அது போய்விடும். கத்தோலிக்கரானவர்கள் விசுவாசத்தால் ஆனார்களா, வழிக்காக ஆனார்களா என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. தெருவில் நடக்க முடிகிற ஒருவரால்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். நடக்க முடியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதையெல்லாம் சொல்லும்போது கோயில் மட்டும் குற்றமற்ற இடம் போலத் தோன்றிவிடும் அபாயம் இருக்கிறது. அப்படி இல்லை. வேஷத்தால் தெருவில் நுழைந்த மிஷன், அந்தத் தெருவின் சட்டத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் மலபார் சடங்குகள் பற்றிய விவாதத்தை முடித்துவைத்த ஆணையின்போது, பறையருக்கென்று தனிக் குருக்களை நியமிக்க இயேசு சபை ஏற்பாடு செய்தது. தீர்வு என்று நினைத்தது பிரிவினையைச் சம்பிரதாயமாக்கியது. பிற்பாடு 1872-ல் வடக்கன்குளத்தில் கட்டிய கோயில் கால்சட்டையைப் போல இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையில் வெள்ளாளர், மறு கிளையில் நாடாரும் பிறரும். நடுவில் பீடம். ஒரு ஜாதியின் கண்ணில் இன்னொரு ஜாதி படாமல் ஒரே பூசையைக் காணும் ஏற்பாடு. கட்டடக் கலையில் தமிழ்நாடு உலகுக்கு அளித்த நூதனம் இது. 1910-ல், கௌசானல் சுவாமி பங்குக் குருவாக இருந்தபோது, தடுப்பை இடித்தார்கள். வெள்ளாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். கோயிலுக்குள் ஜாதிக்கென்று இடம் கேட்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழுகுமலையில் ஜாதிக்கு எலும்பு வைத்த அதே கோர்ட்டு முறை இங்கே எலும்பை முறித்தது. நீதிமன்றத்தைப் பற்றிச் சற்று முன் சொன்னதை இந்த அளவுக்குத் திருத்தி வாசித்துக்கொள்ளலாம். ஆனால் சுவர் இடிந்ததும் வழி திறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் கேட்டது என்ன? தங்கள் பிணம் பிரதான வீதி வழியாகக் கோயிலுக்குப் போகவேண்டும் என்பதும், தனிப் பங்கு வேண்டும் என்பதும். அங்கே கலவரத்தில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். வண்டி இழுப்பவர்களும், தடுப்பவர்களும், சுடப்பட்டவர்களும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

இந்தச் சரித்திரத்தை எழுத வேண்டியவர்கள் யார்? பங்குகளின் நூற்றாண்டு மலர்களில் குருக்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும், யார் எந்த வருஷம் கோபுரம் கட்டினார் என்பது இருக்கும். ஆனால் 1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1838 வாக்கில் பிரெஞ்சுக் குருக்கள் வந்து மிஷனைப் புதுப்பிக்கும் வரை, குருக்கள் அபூர்வமாகிவிட்ட அந்த அறுபத்தைந்து வருஷங்களில் இந்த ஊர்களில் ஜெபத்தை யார் நடத்தினார்கள்? உபதேசியார்கள். சாகக் கிடந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தது, குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றியது, கோயில் கூரையை மழைக்கு முன் வேய்ந்தது எல்லாம் அவர்கள். மலரில் அவர்களுக்குப் பக்கம் இல்லை. நம் கரிசல் இலக்கியத்திலும் அவர்கள் குறைவு. தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்து இங்கே காடு திருத்தியவர்களைக் 'கோபல்ல கிராமம்' (1976) சொல்லிற்று. கழுகுமலையையும் சிவகாசியையும் பூமணி 'அஞ்ஞாடி'யில் (2012) எடுத்துக்கொண்டார். சரித்திரக்காரர்களும் சிலர் தொட்டிருக்கிறார்கள். ஆனால் இடம் கிடைத்த ஊர், கலவரம் நடக்காத ஊர், எழுத்தாளனை இழுப்பதில்லை. எரிந்த ஊருக்குத்தான் கதை உண்டு என்று நாமும் நம்புகிறோம். யாத்திரைக்காரர்கள் அற்புதம் தேடுவதற்கும் நாம் கலவரம் தேடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தமிழில் வழக்கு என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் புழங்குகின்றன. நடைமுறை, கோர்ட்டு வியாஜ்யம், பேச்சுமொழி. இந்த வட்டாரத்தின் கிறிஸ்தவ சரித்திரம் மூன்றையும் தொட்டிருக்கிறது. முதலாவதின் சந்தில் நுழைந்து, மூன்றாவதுக்கு இலக்கணம் எழுதி, இரண்டாவதில் சிக்கிக்கொண்ட சரித்திரம் அது. காமநாயக்கன்பட்டியின் பெருமை அதன் பழமை என்று சொல்கிறார்கள். பழமை காலம் போனால் தானாக வருவது. அதைவிட முக்கியமானது, ஆகஸ்ட் 15-ஆம் தேதி புழுதியில் விழுந்து எழுகிறவர்கள் அந்தத் தெருவில் விழ யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது. தேர் எந்தத் தெருவில் நுழைகிறது, எந்த முனையில் திரும்பிவிடுகிறது என்பதை இந்தப் பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்து குறித்துவைத்தால், அதுதான் இந்தக் கரிசலின் திருச்சபைச் சரித்திரமாக இருக்கும்.